கிராபிக்ஸ் காட்டை மாத்த முதல் பிரேமைப் பிடி

"கிராபிக்ஸ் காட் பழசு தம்பி, புதுசு போடணும்."

கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரைக்கும் கொம்பியூட்டர் திருத்துற கடைகளில் கேம் விளையாடுற பொடியனுக்குக் கிடைக்கிற தீர்ப்பு பெரும்பாலும் இதுதான். நிழல் கறுப்புக் கட்டியாக விழுந்தாலும் இதுதான், தண்ணி பச்சையாக மாறினாலும் இதுதான், கதாநாயகனுக்கு முகம் மட்டும் காணாமல் போனாலும் இதுதான். 2022இல் சில கிழமைக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரைக்கும் ஏறினதை நாங்க மறக்கல. அதுக்குப் பிறகு ஒரு நல்ல காட் என்டால், இறால் பண்ணையிலோ உப்பளத்திலோ உழைக்கிற வீட்டுக்கு அது விளையாட்டுக் காசு இல்ல. அந்தக் காசைக் கொட்டிப் புதுசு போட்ட பிறகும் அதே நிழல் அதே இடத்தில் கறுப்பாக நிற்கும். பிழை காட்டில் இருந்தால்தானே போறதுக்கு?

கடலுக்குப் போற ஆட்களைப் பாருங்க. இடையில எஞ்சின் நின்டால் "பழசாப் போச்சு, புதுசு வாங்குவம்" என்டு யாரும் கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறதில்ல. பிளக்கைக் கழட்டுவாங்க, எண்ணெய் வருதா என்டு பார்ப்பாங்க, தண்ணி கலந்திருக்கா என்டு பார்ப்பாங்க. அதே வீட்டுப் பிள்ளை, கொம்பியூட்டருக்கு முன்னால குந்தினதும் கடைக்காரர் சொல்றதை வேதவாக்காக எடுக்குது. தகவல் தொழினுட்பப் பாடத்தில் உள்ளீட்டுச் சாதனம் எது, வெளியீட்டுச் சாதனம் எது என்டு பாடமாக்கி ஏ எடுத்த பிள்ளைதான். அந்த ஏ இங்க எதுக்கும் உதவல.

பிழை எங்க என்டு திறந்து பார்க்க வழி இருக்கு. காசும் வேணாம்.

டொல்பின் என்டு ஒரு எமுலேட்டர். (எங்கட கற்பிட்டிக் கடலில் வெளிநாட்டுக்காரர் போட்டில போய்ப் பார்க்கிற டொல்பின் இல்ல. நின்டெண்டோ கம்பனி கேம்கியூபைச் செய்துகொண்டிருந்த காலத்தில் அதுக்கு வைத்திருந்த செல்லப் பெயர் அது.) கேம்கியூப், வீ கேம்களைச் சாதாரண கொம்பியூட்டரில் ஓட்டும். 2003இல் வந்தது, 2008இல் மூலநிரலை எல்லாருக்கும் திறந்து விட்டாங்க. அதுக்குள்ள ஃபைஃபோ லொக் என்டு ஒரு வசதி இருக்கு. கேம் ஓடும்போது செயலி ஓயாமல் கிராபிக்ஸ் சிப்புக்குக் கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கும்: இந்த முக்கோணத்தை இங்க வை, இந்தப் படத்தை அதுக்கு மேல ஒட்டு, இந்த ரெண்டு நிறத்தையும் இப்படிக் கல. முதல் வந்த கட்டளை முதல் போகும், கியூவில் நிக்கிற மாதிரி. ஃபைஃபோ என்ற பெயருக்கு அர்த்தமும் அதுதான். அந்தக் கியூவையும் அதுக்குத் தேவையான படங்களையும் அப்படியே ஒரு பைலில் பிடித்து வைக்கிறதுதான் லொக். கேம் ஓடிக்கொண்டிருக்க, டூல்ஸ் மெனுவில் ஃபைஃபோ பிளேயரைத் திறந்து, எத்தனை பிரேம் என்டு கொடுத்து, ரெக்கோர்டை அமத்தினால் வேலை முடிஞ்சு.

பிடித்த பிறகு அந்தப் பிரேமைப் பார்க்கக் கேமே தேவையில்ல. இருபது மணித்தியாலம் விளையாடினால்தான் வருகிற கட்டத்தில் பிழை இருந்தாலும், திருத்துகிறவர் பைலைத் திறந்த உடனே அங்க போய் நிற்பார். பிரேமில் உள்ள பொருள்களில் இத்தனையாவது வரைக்கும் மட்டும் வரை என்டும் சொல்லலாம். 140 வரைக்கும் படம் சரி, 141இல் கறுப்பு விழுது என்டால் கள்ளன் அகப்பட்டான்.

இதைவிட ஒன்டு இருக்கு, கடைக்குப் போக முதல் ஒவ்வொருத்தரும் செய்ய வேண்டியது. காட்டைத் தொடாமல் செயலியை மட்டும் வைத்து ஆமை வேகத்தில் வரைகிற முறையும் டொல்பினில் இருக்கு. பிடித்த லொக்கை அதில் ஓட்டுங்க. அங்கயும் அதே பிழை என்டால் உங்கட காட் நிரபராதி. புதுசு வாங்கி ஒரு பிரயோசனமும் இல்ல. அங்க சரியாகத் தெரிந்தால், காட்டோடு பேசுகிற நிரல், டிரைவர், காட் மூன்டில் ஒன்டு. டிரைவரை மாத்திப் பாருங்க, அதே லொக்கைக் கூட்டாளியின்ட மெஷினில் ஓட்டிப் பாருங்க. அதுக்குப் பிறகு பேர்ஸைத் திறக்கலாம்.

லொக் எல்லாத்துக்கும் மருந்து இல்லதான். வரைஞ்ச படத்தின் நிறத்தைச் செயலி திரும்ப வாசித்து முடிவெடுக்கிற கேம்களில் அது பாதிக் கதைதான் சொல்லும். கேம் திக்கித் திக்கி ஓடுறதுக்கும் இதில் பதில் கிடைக்காது.

டொல்பின்காரர் இப்படிச் சேர்ந்த லொக்குகளை வைத்து, நிரலில் மாற்றம் வரும்போது தானாக ஓட்டி, முந்தின படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாங்க. ஒரு இடத்தைத் திருத்தப் போய் இன்னொரு கேம் உடைஞ்சால் உடனே தெரிஞ்சிடும். எங்கயோ ஒருத்தர் அனுப்பின ஒரு பைல் அப்படிக் காவல் நிற்குது. நாங்க என்ன அனுப்புறம்? போனால மொனிட்டரைப் படம் பிடித்து, லைட் வெளிச்சமும் விரல் நிழலும் சேர்ந்து விழ, "கேம் வேஸ்ட் மச்சான்" என்டு பேஸ்புக்கில் போடுறம். அந்தப் போட்டோவில் வலி தெரியும், காயம் எங்க என்டு தெரியாது. அதை வைத்து யாரும் ஒரு வரி நிரலைக்கூடத் திருத்த முடியாது.

எமுலேட்டர் பிடிக்காதவங்களுக்கும், சொந்தமாகக் கேம் செய்ய ஆசைப்படுகிறவங்களுக்கும் ரெண்டர்டொக் இருக்கு. அதுவும் இலவசம். தமிழில் கேம் செய்யப் போனால் 'கொடி' என்டு எழுதினது கொம்பும் காலும் இடம் மாறி உடைஞ்சு நிற்கும். உடனே "தமிழ் எழுத்துரு சரியில்ல" என்டு பத்து எழுத்துரு மாத்துவம். கடைசியில் மெனுவை இங்கிலிஷில் போட்டு முடிப்பம். எனக்குக் கோபம் வருகிற இடம் இது. ரெண்டர்டொக்கில் ஒரு பிரேமைப் பிடித்துப் பாருங்க: எழுத்துப் படங்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கும், அவற்றை வைத்த இடம்தான் பிழையாக இருக்கும். யுனிகோட்டில் 'கெ' என்டால் 'க' முதலில், கொம்பு பிறகு. திரையில் கொம்பை முன்னுக்குக் கொண்டு வாறது ஹார்ஃப்பஸ் மாதிரி எழுத்தைக் கோக்கிற நிரலின் வேலை. கொடோ எஞ்சினின் 3ஆம் பதிப்பில் அது இல்ல. 2023 மார்ச்சில் வந்த 4ஆம் பதிப்பில் இருக்கு. யுனிட்டியில் எல்லாரும் பாவிக்கிற டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ அதைச் செய்றதில்ல. ஆக, காட்டும் சரி, எழுத்துருவும் சரி, தமிழும் சரி. கைவிட்டது எஞ்சின். இதைத் தெரியாமல் எத்தனை பேர் தமிழைத் தூக்கிப் போட்டாங்களோ.

(ஒரு எச்சரிக்கை: ரெண்டர்டொக் உங்கட சொந்த நிரலைச் சோதிக்க. ஒன்லைன் கேமில் கொண்டு போய்ச் சொருகினால் ஏமாத்துறான் என்டு கணக்கையே தடை பண்ணக்கூடும்.)

"இதெல்லாம் வெளிநாட்டு எஞ்சினியர்மாருக்கு, எங்களுக்கு இங்கிலிஷும் வராது" என்டு சொல்றவங்களோடு எனக்கு ஒத்துப்போக ஏலாது. லொக்குக்கு இங்கிலிஷ் தெரியத் தேவையில்ல, அது கட்டளைகளால் பேசும். கூட எழுத வேண்டியது நாலு வரி: எந்தக் கேம், எமுலேட்டரின் எந்தப் பதிப்பு, என்ன காட், என்ன டிரைவர். டேட்டா போகுமே என்டால், ரெண்டு மூன்டு பிரேமை மட்டும் பிடிங்க. வட்ஸ்அப்பில் வருகிற கல்யாண வீடியோவை விடப் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும்.