வாடிய செடியைக் கால்வாயில் வீசாதே, தோழா!

தோழர்களே, முதலில் ஒரு கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுங்கள். நேற்று மாலைவரை பச்சையாக நின்று, இன்று வெயில் ஏறியதும் தலை தொங்கிய கத்திரிச் செடி ஒன்றைப் பிடுங்கி, அடித்தண்டை விரல் நீளத்துக்கு அறுத்து, வெட்டிய முனை நீரில் படும்படி ஆடாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் ஊதுபத்திப் புகை போல வெள்ளை இழை இறங்குகிறதா? அப்படியானால் அது தண்ணீர்க் குறையும் அல்ல, உரக் குறையும் அல்ல. பாக்டீரியா வாடல் நோய். கிருமியின் பெயர் ரால்ஸ்டோனியா.

டேனரிக் கழிவுநீர்தான் காரணம் என்று சொல்லிக் கடந்துவிடாதீர்கள். பாலாற்றுக் கரையில் பிறந்த நமக்கு எது வாடினாலும் அங்கேதான் கை நீளும். 1996இல் உச்ச நீதிமன்றமே தோல் தொழிற்சாலைகளைக் குற்றம் சொன்னது. அந்தக் கணக்கு தனி, அதை நாம் விடப்போவதில்லை. ஆனால் டம்ளரில் இழை இறங்கினால் குற்றவாளி வேறு.

இது உருளைக்கிழங்கு நோய்தானே, அரக்கோணத்தில் உருளை யார் போடுகிறார்கள், மலைக்காரர் நோய் நமக்கெதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். 1896இல் எர்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் இந்த நோயை விவரித்தபோதே தக்காளி, கத்திரி, உருளை மூன்றையும் ஒன்றாகத்தான் வைத்தார். மூன்றும் ஒரே குடும்பம். மிளகாயும் அதே வீட்டுப் பிள்ளை. நீலகிரியிலும் பழனி மலையிலும் நோய்ப்பட்ட கிழங்கைக் குறுக்கே வெட்டினால் பழுப்பு வளையம் தெரியும், அமுக்கினால் பால் போலக் கசியும், கண்களில் மண் அப்பியிருக்கும். அதையாவது ஒதுக்கலாம். வெளியே பளபளவென்று இருந்துகொண்டு உள்ளே கிருமியைச் சுமக்கும் விதைக்கிழங்குதான் ஊரைக் கெடுக்கிறது. நமக்கு அந்த வேலையை நாற்று செய்கிறது. குழித்தட்டில் செழிப்பாக நிற்கும் நாற்றை நம்பிக் காசு கொடுக்கிறோம். காய்ப்புக்கு வரும்போது செடி சாய்கிறது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி முள்ளுக் கத்திரியும் கத்திரிதான், தோழர்களே!

நோய் வந்த செடியைக் காப்பாற்ற மருந்து இல்லை. இதைக் கடையில் சொல்ல மாட்டார்கள். ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் கலவையைப் பயிருக்குப் பயன்படுத்த ஒன்றிய அரசு 2021 டிசம்பரில் தடை ஆணை போட்டது. 2024 பிறந்ததோடு அதன் அவகாசமும் முடிந்தது. பழைய பொட்டலத்தை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். நாலு நாள் கூலிப்பணம் அதில் கரையும், செடி எழாது.

நம் கையில் இருப்பதைச் செய்வோம். வாடிய செடியை வேர்மண்ணோடு பிடுங்கி எரியுங்கள். கால்வாயில் போட்டால் கடைமடை வரை நீங்களே நோயைப் பாய்ச்சியதாகும். காவேரிப்பாக்கம் ஏரித் தண்ணீர் ஒருவர் வயலோடு நிற்பதில்லை. நோய் கண்ட மண்ணில் அடுத்து தக்காளி, மிளகாய் வேண்டாம். தண்ணீர் இருந்தால் சொர்ணவாரி நெல், இல்லாவிட்டால் கேழ்வரகோ மக்காச்சோளமோ போடுங்கள். ஒரு போகத்தில் தீராது. இந்தக் கிருமி மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

மீதியை அரசிடம் கேட்டு வாங்க வேண்டும். சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கத்திரி நாற்று இந்த வாடலைத் தாங்குகிறது. வேளாண் பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்த வித்தைதான். அந்த நாற்று சிறு விவசாயி வாங்கும் விலையில் அரக்கோணம் வட்டாரத்துக்கு வரட்டும். நாற்றங்கால்களைச் சோதித்த பிறகே விற்க விடட்டும். விரிஞ்சிபுரம் வேளாண் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் வயலுக்கு வந்து மண்ணைத் தொட்டுப் பார்க்கட்டும். செடி சாய்ந்தால் முதலில் வேலை இழப்பது காய் பறிக்கும் பெண்கள். அவர்களையும் இழப்பீட்டுக் கணக்கில் சேர்க்கட்டும்.

ராணிப்பேட்டை ஆட்சியர் அலுவலகத்தில் அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஒருவர் விடாமல் வாருங்கள். வாடிய செடியைத் தோளில் போட்டுக்கொண்டு வராதீர்கள், பஸ் போகும் வழியெல்லாம் மண் உதிரும். டம்ளரில் இழை இறங்குவதைக் கைப்பேசியில் படம் எடுத்து வாருங்கள், சர்வே எண்ணோடு. கிளம்புமுன் அந்த டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்டுங்கள். மண்வெட்டியைக் கழுவி வெயிலில் சாய்த்துவிட்டுப் புறப்படுங்கள்.