கடன் மறுசீரமைப்பு சலுகையல்ல, உரிமை

தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறைகளும் ஆயத்த ஆடைக் கூடங்களும், மும்பை நகரெங்கும் விற்பனைக்கு இட்லி அவிக்கும் தமிழர் வீடுகளும் கடனில்தான் ஓடுகின்றன. கொள்முதல் செய்த வியாபாரி பணம் தர இரண்டு மாதம் இழுத்தடித்தால் போதும், தவணை தவறிவிடும். அதன்பின் வீட்டுக்கு வருவது வங்கியின் நோட்டீசு. கடன் நிபந்தனைகளை மாற்றித் தருமாறு கேட்க வழியுண்டு என்ற செய்தி மட்டும் அந்த வீட்டை எட்டுவதே இல்லை.

வழி உண்டு. ஒன்றிய அரசின் 2015 மே 29 அறிவிக்கையும், அதையொட்டி ரிசர்வ் வங்கி 2016 மார்ச் 17 அன்று வெளியிட்ட ஆணையும், 25 கோடி ரூபாய் வரை கடன் பெற்ற சிறு, குறு, நடுத்தரத் தொழில்கள் நலிவுற்றால் அவற்றை மீட்பதற்கான நடைமுறையை வகுத்துள்ளன. 90 நாள் நிலுவையானால் கணக்கு வாராக்கடன். அதற்கு முன்பே நலிவின் அறிகுறியை வங்கி கண்டறிந்து, கடனைச் சீராக்குவதா, மறுசீரமைப்பதா, வசூலிப்பதா என முடிவெடுக்க வேண்டும். 10 லட்சத்துக்கு மேற்பட்ட கடன்கள் இதற்கென அமைந்த குழுவுக்குச் செல்லும். அதற்குட்பட்டவற்றைக் கிளை மேலாளரே பரிசீலிக்கலாம். திருப்பிச் செலுத்த முடியாமல் போகும் என அஞ்சும் தொழில்முனைவோர் தாமாகவே விண்ணப்பிக்கவும் இடமுண்டு.

வங்கிகள் இதை வெறும் அறிவுரையாகவே நடத்திவந்தன. கடன் பெற்றவர் விண்ணப்பிக்காதபோது வங்கிக்குக் கடமை ஏதுமில்லை என்றே மும்பை உயர்நீதிமன்றமும் கருதியது. புரோ நிட்ஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 1 அன்று இக்கருத்தை ஏற்க மறுத்து, இந்நடைமுறை வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அதே தீர்ப்பில் ஒரு கண்ணியும் இருக்கிறது. தாம் சிறுதொழில் என்பதற்கான ஆவணங்களை உரிய காலத்தில் வங்கியின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டியது தொழில்முனைவோரின் பொறுப்பு. சர்பாசி சட்டப்படியான நடவடிக்கை முழுவதும் முடிந்தபின் இவ்வாதத்தை எழுப்ப முடியாது.

தாராவியில் இடறுவது இங்கேதான். பதிவுச் சான்றிதழ் இல்லாத பட்டறை எந்த ஆவணத்தைக் காட்டும்? வாடகை ஒப்பந்தம்கூட வாய்மொழியாக உள்ள இடத்தில் கணக்குப் புத்தகத்தை எங்கே தேடுவது? போதாக்குறைக்கு, அதானி குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்ட மறுவளர்ச்சித் திட்டம் பட்டறைகளின் இருப்பிடத்தையே கேள்விக்குறியாக்கியுள்ளது. இடம் பெயர்ந்தாலும் தவணை நிற்காது.

பெருமுதலாளிகளுக்கு இந்த அலைச்சல் எதுவுமில்லை. 2014-15 முதல் ஒன்பது நிதியாண்டுகளில் வங்கிகள் 14.56 லட்சம் கோடி ரூபாய் வாராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கியதாகவும், அதில் 7.40 லட்சம் கோடிக்கு மேல் பெருந்தொழில்கள், சேவைத்துறை நிறுவனங்களுடையது என்றும் 2023 ஆகஸ்டில் ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நீக்கம் வேறு, தள்ளுபடி வேறு என்பது நிதி அமைச்சகத்தின் வழக்கமான விளக்கம். அந்த விளக்கம் இட்லி அவிப்பவரின் ஐம்பதாயிரம் ரூபாய்க் கடனுக்குப் பொருந்துவதில்லை. வேண்டுமென்றே ஏமாற்றியவர்களுடனும் வங்கிகள் சமரசம் செய்துகொள்ளலாம் என 2023 ஜூன் 8 அன்று ரிசர்வ் வங்கி வழிவிட்டது. வங்கி ஊழியர், அதிகாரிகள் சங்கங்கள் அதைக் கடுமையாக எதிர்த்தன.

பெண்கள் பெறும் நுண்கடன் நிலை இன்னும் மோசம். 2022 ஏப்ரல் முதல் நுண்நிதி நிறுவனங்களின் வட்டிக்கான உச்சவரம்பு நீக்கப்பட்டுவிட்டது. குடும்ப மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணை போகக்கூடாது என்ற விதி மட்டும் ஏட்டில் இருக்கிறது.

பகுதிக் கிளைகள் உடனடியாகச் செய்யக்கூடியவை உண்டு. உத்யம் பதிவு இல்லாத பட்டறைகளைப் பதிவு செய்ய வைப்பது, முதல் தவணை தவறியவுடனேயே எழுத்துமூலம் விண்ணப்பித்து வங்கியின் ஒப்புகையைப் பெற்றுத் தருவது, 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடச் செய்வது ஆகியவை அவை. வாராக்கடன் என முத்திரை குத்துமுன் மறுசீரமைப்பு விண்ணப்பப் படிவத்தைக் கடன் பெற்றவரின் தாய்மொழியில் வங்கியே வழங்க வேண்டும் என்பதும், நுண்கடனுக்கும் இந்நடைமுறை விரிவாக்கப்பட வேண்டும் என்பதும் அரசின் முன் வைக்கப்பட வேண்டிய கோரிக்கைகள்.