விலகும் உரிமை யாருக்கு?

2016ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23ஆம் திகதி பிரித்தானிய மக்களிடம் ஒரே ஒரு வினா கேட்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஐக்கிய இராச்சியம் தொடர்ந்து அங்கம் வகிப்பதா, அன்றி விலகுவதா? வாக்களித்தோருள் நூற்றுக்கு 51.9 பேர் விலகுக என்றனர், 48.1 பேர் இருக்க என்றனர். 2020 ஜனவரி 31ஆம் திகதி இரவு அந்நாடு ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. 1973இல் தொடங்கிய நாற்பத்தேழு ஆண்டு உறவு அத்துடன் அறுந்தது.

வாக்கெண்ணி முடிந்ததே தவிர வழக்கு முடியவில்லை. 2025 மே மாதத்தில் இலண்டனில் கூடிய மாநாட்டிலே, உணவுப் பொருள்களுக்கான எல்லைச் சோதனைகளைக் குறைக்கும் உடன்படிக்கையொன்றை நோக்கிப் பேச இரு பகுதியாரும் இணங்கினர். அதே நாளில், ஐரோப்பியப் படகுகள் பிரித்தானியக் கடலில் 2038 வரை மீன் பிடிக்கவும் இலண்டன் இணங்கிற்று. சினங்கொண்டு வெளியேறிய வீட்டின் வாசலில் மீண்டும் வந்து நிற்பவனின் நிலை இது.

இவ்விவகாரம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. பொதுநலவாயக் குடிகள் என்ற முறையில், பிரித்தானியாவில் வாழ்ந்த இலங்கைக் குடிமக்களும் அன்று வாக்குரிமை பெற்றிருந்தனர். ஆண்டுக் கணக்காக அங்கேயே வாழ்ந்து வரி செலுத்திய ஜேர்மானியருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும், பிரித்தானியப் பிரசையாகாதவிடத்து, அவ்வுரிமை இருக்கவில்லை. ஐரோப்பாவின் வழக்கில் தீர்ப்புக் கூறியோருள் நம்மவரும் இருந்தனர் என்பதை மறத்தலாகாது.

விலகவேண்டுமென்று வாதித்தோரின் நியாயங்களை நாம் எள்ளி நகையாடப் போவதில்லை. தம் நாட்டுச் சட்டத்தைத் தம் பாராளுமன்றமே ஆக்கவேண்டும் என்றனர். தாம் நேரே தெரிவுசெய்யாத ஆணையாளர்கள் பிரசெல்ஸ் நகரிலிருந்து விதி வகுப்பதை வெறுத்தனர். தம் கடலில் பிறர் வலை வீசுவதைக் கண்டு மீனவர் மனம் புழுங்கினர். தன்னைத் தானே ஆளவேண்டும் என்ற வேட்கை இழிவானதன்று. அதனை இழிவென்று கூறும் உரிமை, பிறர் இயற்றிய சட்டத்தின் கீழ் வாழ்ந்து பழகிய நமக்கு அறவே இல்லை.

எனினும், அந்த ஒன்றியத்தில் பிரித்தானியா அடிமையாகவா இருந்தது? அமைச்சர் சபையில் அதற்கு வாக்கிருந்தது. ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் 73 உறுப்பினர் இருந்தனர். யாழ்ப்பாணத்துக் கமக்காரர் பங்குக் கிணற்றை அறிவர். இறைப்பு முறைக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். தூர் வாரும் செலவில் பங்கு கொடுக்கத்தான் வேண்டும். அயலவனோடு வாய்த்தர்க்கமும் நேரும். ஆயினும், பங்கை எறிந்துவிட்டு வருபவன் மறுநாட் காலையில் தன் தோட்டத்துக்குத் தண்ணீர் எங்கேயென்று பதில் சொல்லியாக வேண்டும்.

அப்பதில் அன்று யாரிடமும் இருக்கவில்லை. வாரந்தோறும் 35 கோடி பவுண் பிரசெல்ஸுக்குப் போகின்றது என்றும், அதனை வைத்தியசேவைக்குக் கொடுப்போம் என்றும் பேருந்தில் எழுதி ஊரெங்கும் ஓட்டினர். அத்தொகை மக்களை மயக்குவது என்று அந்நாட்டுப் புள்ளிவிபர அதிகார சபையே கண்டித்தது. குடிவரவு குறையும் என்றனர். 2023 ஜூனுடன் முடிந்த ஓராண்டில் நிகரக் குடிவரவு 9 இலட்சத்தைத் தாண்டியது. ஒன்றியத்தில் இருந்திருப்பின் எட்டக்கூடிய உற்பத்தித் திறனிலும் நீண்டகாலத்தில் நூற்றுக்கு 4 பங்கு குறையும் என்பது அரசாங்கத்தின் வரவு செலவை மதிப்பிடும் சுயாதீன அலுவலகத்தின் கணிப்பு.

கமக்காரரின் கதி யாது? ஒன்றியத்தின் பொது விவசாயக் கொள்கையின் கீழ் நிலத்தின் பரப்புக்கு ஏற்பக் கிடைத்துவந்த நேரடி மானியம் இங்கிலாந்தில் 2021 முதல் படிப்படியாக வெட்டப்பட்டது. அவுஸ்திரேலிய மாட்டிறைச்சிக்கும் ஆட்டிறைச்சிக்கும் கதவு திறக்கும் ஒப்பந்தம் 2023 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அது கைச்சாத்தான வேளையில் விவசாயத்துக்குப் பொறுப்பாயிருந்த அமைச்சர் ஜோர்ஜ் யூஸ்டிஸ், பதவியிலிருந்து நீங்கிய பின் 2022இல், அது பிரித்தானியாவுக்கு அத்துணை நல்ல ஒப்பந்தமன்று என்று பாராளுமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார். ஆழமறியாமற் காலை விட்டவர் நனைந்த வேட்டியோடு கரையேறி உண்மை பேசுகின்றனர்!

இருந்திருத்தலே நன்று என்பது நம் முடிபு. ஆனால், அதனினும் பெரிய வினாவொன்று இவ்விவகாரத்தின் அடியிற் கிடக்கின்றது. ‘நாடு’ விலகத் தீர்மானித்தது என்கின்றனர். எந்த நாடு?

இங்கிலாந்தும் வேல்சும் விலக விரும்பின. ஸ்கொத்லாந்திலே நூற்றுக்கு 62 பேர் இருக்க விரும்பினர். அதன் 32 உள்ளூராட்சிப் பிரிவுகளில் ஒன்றேனும் விலகலை ஆதரிக்கவில்லை. வட அயர்லாந்திலும் நூற்றுக்கு 55.8 பேர் இருக்கவே வாக்களித்தனர். இரு மக்களும் தம் விருப்பத்துக்கு மாறாக வெளியே கொண்டுசெல்லப்பட்டனர். 2020 ஜனவரியில் ஸ்கொத்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய மூன்றினதும் சட்டசபைகள் விலகற் சட்டத்துக்குச் சம்மதம் மறுத்தன. வெஸ்ட்மின்ஸ்டர் அம்மறுப்பை வாசித்துப் பார்த்தது. பின்னர் சட்டத்தை நிறைவேற்றியது.

பல மக்கள் வாழும் நாட்டில் ஒவ்வொருவருக்கும் தடையதிகாரம் கொடுத்தால் முடிவெடுப்பது எவ்வாறு என்று கேட்போர் உளர். சுவிற்சலாந்தும் அவுஸ்திரேலியாவும் எவ்வாறு முடிவெடுக்கின்றன? அங்கே அரசியலமைப்பைத் திருத்துவதற்கு மொத்த வாக்காளரின் பெரும்பான்மை மட்டும் போதாது. மாநிலங்களிலும் பெரும்பாலானவை இணங்க வேண்டும். இத்தகைய பாதுகாப்பையே ஸ்கொத்லாந்து தேசியக் கட்சி 2015இல் கேட்டது. பாராளுமன்றம் மறுத்தது.

இன்னும் கேளுங்கள். 2014இல் ஸ்கொத்லாந்து மக்கள் பிரிவினையைப் பற்றி வாக்களித்தபோது, தனிநாடானால் ஐரோப்பாவில் உங்கள் இடம் நிச்சயமில்லை என்று எச்சரிக்கப்பட்டனர். நூற்றுக்கு 55 பேர் ஐக்கிய இராச்சியத்தில் இருக்க இணங்கினர். இரண்டே ஆண்டில் அந்த ஐரோப்பிய இடம் அவர்களிடமிருந்து பறிபோயிற்று. நிலைமை மாறிவிட்டதே, மீண்டும் எம் மக்களைக் கேட்கலாமா என்றபோது, வெஸ்ட்மின்ஸ்டரின் அனுமதியின்றிக் கேட்கும் அதிகாரம் எடின்பரோச் சட்டசபைக்கு இல்லையென்று 2022 நவம்பரில் உயர் நீதிமன்றம் ஒருமுகமாகத் தீர்த்தது. சட்டம் அதுவே. நீதியும் அதுதானா?

ஐரோப்பிய ஒன்றியத்தின் உடன்படிக்கையில் 50ஆம் உறுப்புரை உண்டு. விலக விரும்பும் நாடு தன் அரசியலமைப்பின்படி தீர்மானித்து அறிவித்தால் போதும். பிறருடைய அனுமதி வேண்டியதில்லை. அந்தக் கதவின் வழியே பிரித்தானியா தலைநிமிர்ந்து வெளியேறியது. தன் வீட்டில் அத்தகைய கதவொன்றை ஸ்கொத்லாந்துக்கு வைக்க மாத்திரம் அதற்கு மனம் வரவில்லை. தனக்கொரு நீதி, தம்பிக்கொரு நீதி!

டென்மார்க் வேறு வழி காட்டியது. 1973இல் டென்மார்க்குடன் ஐரோப்பியச் சமூகத்துள் இழுத்துச் செல்லப்பட்ட கிறீன்லாந்து மக்கள், தம் மீன்வளத்தை எண்ணி, 1982இல் விலக வாக்களித்தனர். 1985இல் கிறீன்லாந்து வெளியேறியது. டென்மார்க் உள்ளே இருந்தது. அவ்விராச்சியம் அதனால் இடிந்து விழவில்லை.

கூட்டாக வாழ்தல் நன்று. அதிலும் சிறிய மக்களுக்குக் கூட்டே காப்பு. ஆயின் கேட்டுச் சேர்த்து, கேட்டு வைத்திருப்பதே கூட்டு. கதவில்லாத வீட்டில் ஒருவன் தங்கியிருப்பதைக் கொண்டு அவன் அங்கு விரும்பி வாழ்கின்றான் என்று எவரும் சொல்லலாகாது. பிரசெல்ஸிடம் தான் பெற்ற உரிமையை எடின்பரோவுக்கும் வழங்க இலண்டன் முன்வரும் நாளிலேதான், தன்னாட்சிக்காகவே விலகினோம் என்ற அதன் சொல்லை உலகம் நம்பும். அந்த நாள் வரும்வரை இக்கேள்வியை நாமும் கேட்டுக்கொண்டே இருப்போம்.