வெயிட் தூக்காதம்மா!

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் பெண்ணிடம் பல ஆஸ்பத்திரிகளில் இன்னமும் ஒரு வரி சொல்லி அனுப்புகிறார்கள். "இனிமே அந்தக் கையால வெயிட் தூக்காதம்மா."

சென்னை ஃப்ளாட்டில் இருப்பவர் சமாளித்துவிடுவார். சோளக்காட்டுப் பெண்? கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால் வருகிற சந்தை ஊர் அது. பலாவும் வாழைத்தாரும் அன்னாசியும் தானாக நடந்து சந்தைக்கு வருவதில்லை. சுமப்பவரிடம் போய் 'தூக்காதே' என்பதும் 'சாப்பிடாதே' என்பதும் ஒன்றுதான். தலையாட்டிவிட்டு வந்து, மறு மாசமே மூட்டையைத் தூக்குவார். வேறென்ன செய்வார்?

பயம் பொய்யில்லை. அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை எடுத்துவிட்டால், வடிய வேண்டிய நீர் தேங்கிக் கை வீங்கலாம். முடிச்சுகளை முழுக்க எடுத்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. சிலருக்குப் பல வருஷம் கழித்து. வந்துவிட்டால் முழுசாகப் போவது அபூர்வம்.

தையல் ஆறும்வரை தூக்கக் கூடாது, சரி. ஆயுசுக்கும் ஏன்? 2009-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. ஏற்கெனவே கை வீங்கிய 141 பெண்கள். பாதிப் பேருக்கு ஒரு வருஷம், வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி. அதனால் வீக்கம் கூடவில்லை. தொல்லை முற்றியது பயிற்சி செய்தவர்களில் 14 சதவிகிதம், செய்யாதவர்களில் 29! ஆனால் கையில் அழுத்த உறை மாட்டி, லேசான எடையில் ஆரம்பித்து, மெள்ள மெள்ள ஏற்றினார்கள். எடுத்த எடுப்பில் பலாப்பழத்தைத் தூக்கவில்லை. இந்த 'மெள்ள மெள்ள'வைச் சொல்லித்தர ஆள் இல்லாததால்தான் 'தூக்காதே' என்று சுலபமாக முடித்துவிடுகிறார்கள்.

சொல்ல வேண்டியது வேறு. அன்னாசி முள் கீறினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவணும். கை சிவந்து, சூடாகி, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்கணும். ஒவ்வொரு தொற்றும் வீக்கத்தை வளர்க்கும். மாசம் ஒரு தடவை இரண்டு கையையும் ஒரே இடத்தில் டேப் வைத்து அளந்து எழுதி வைக்கணும். கை கனக்கிறது, வளையல் இறுக்குகிறது என்றால் காத்திருக்கக் கூடாது.

யானைக்கால் நோயாளிக்கு பேசினும் மக்கும் சோப்பும் கொடுத்து, காலைக் கழுவவும் கற்றுத் தருகிற சுகாதாரத் துறைக்கு, அதே நிணநீர்த் தொல்லை கையில் வந்தால் மட்டும் ஏன் கண் தெரிவதில்லை? பிசியோதெரபியை வீட்டு வாசலுக்கே கொண்டுபோக முடியும் என்று 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் காட்டியது. அந்தப் பட்டியலில் இந்தக் கையையும் சேருங்கள். டிஸ்சார்ஜ் சீட்டோடு ஓர் அழுத்த உறையும், தையற்காரர் வைத்திருக்கும் டேப் ஒன்றும் கொடுத்து அனுப்புங்கள்.