நெஞ்சுக்குள் ஒரு கலயம்



இந்த மாதம் என் அத்தையைப் பற்றி எழுதுகிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். "எழுது கண்ணு, அதைப் படிச்சு இன்னொருத்தி பொழைச்சா சரி" என்றார்.

அத்தை கோலார் தங்கவயலின் பாலகாட் பகுதியில் வாழ்க்கைப்பட்டவர். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தர்மபுரிப் பக்கமிருந்தும் தங்கம் தோண்டப் போன நம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர் அது. மாமா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அதற்குப் பிறகு ஊரில் பாதிப் பேரைப்போல மாமாவும் விடியற்கால ரயிலைப் பிடித்து பெங்களூரு போய் வாட்ச்மேன் வேலை பார்த்தார். கல் தூசி படிந்த நுரையீரலோடு பல வருஷம் மூச்சுக்குத் தவித்து, போன தை மாதம் போய்ச் சேர்ந்தார்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு எல்லோரும் திரும்பியிருந்தோம். அத்தை மாமாவின் மஃப்ளரை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பார், பிரிப்பார், மறுபடி மடிப்பார். திடீரென்று கை நின்றது. நெஞ்சின் நடுவில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார். அந்தத் தைக் குளிரிலும் கழுத்தெல்லாம் வியர்வை.

"மூணு நாளா பச்சத்தண்ணி பல்லுல படல, வாயுதான்" என்றார் ஒரு பெரியம்மா. ஓமத்தண்ணீர் வந்தது. பக்கத்தில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். இ.சி.ஜி. எடுக்கவில்லை. துக்க வீடு என்று கேட்டதும், பயத்தில் வருவதுதான் என்று ஓர் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். நானும் நம்பினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு அத்தையால் படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டியது. எதிர்வீட்டுத் தம்பி கார் ஏற்பாடு செய்ய, நூறு கிலோமீட்டர் ஓட்டி பெங்களூரு போய்ச் சேர்ந்தோம்.

அங்கே இ.சி.ஜி. எடுத்ததும் மாரடைப்பு என்றே எல்லோரும் ஓடினார்கள். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் டிரோபோனினும் ஏறியிருந்தது. ஆஞ்சியோகிராம் செய்தார்கள். ரத்தக் குழாய்களில் அடைப்பு எதுவும் இல்லை. எக்கோவில்தான் விஷயம் தெரிந்தது: இதயத்தின் இடது கீழறையில் மேல்பகுதி இறுகி இறுகித் துடிக்கிறது, நுனிப்பகுதி அசையாமல் பலூனாக உப்பி நிற்கிறது. டாக்டர் இளம் பெண். என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "வீட்ல ஏதாவது துக்கம் நடந்துச்சா?"

பிறகு ஃபைல் அட்டையின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு படம் வரைந்தார். கழுத்து குறுகி, அடி உருண்ட ஒரு மண் கலயம். ஜப்பான் மீனவர்கள் பேய்க்கணவாய் பிடிக்க இப்படி ஒரு பானையைக் கடலில் இறக்குவார்களாம். அதற்கு டகோட்சுபோ என்று பெயர். 1990-ல் ஹிரோஷிமாவைச் சேர்ந்த டாக்டர் ஹிகாரு சாடோவும் அவருடன் இருந்தவர்களும் இந்த நோயை விவரித்தபோது, உப்பிய இதயம் அந்தப் பானைபோலவே தெரிந்ததால் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள்.

தாங்க முடியாத அதிர்ச்சி வரும்போது அட்ரினலின் வகை ஹார்மோன்கள் உடம்பில் வெள்ளமாகப் பாய்கின்றன. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த நோயாளிகளின் ரத்தத்தில் இருந்த அளவு, கடுமையான மாரடைப்பு வந்தவர்களுக்கு இருந்ததைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். அந்த ஹார்மோன்களை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இதயத்தின் நுனியில் அதிகம் என்பதால் அந்த இடம்தான் முதலில் மரத்துப்போகிறது என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

இந்த நோய் வருகிறவர்களில் பெரும்பாலோர் அத்தை வயதுப் பெண்கள். சூரிக்கை மையமாகக் கொண்டு 1,750 நோயாளிகளை ஆராய்ந்து 2015-ல் வெளியான கட்டுரையில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், சராசரி வயது 67-ஐ ஒட்டி. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். துக்கம் மட்டும்தான் காரணம் என்றும் நினைக்க வேண்டாம். அந்த 1,750 பேரில், மனசு சம்பந்தப்பட்ட காரணத்தைவிட ஆஸ்துமா, ஆபரேஷன், கிருமித் தொற்று போன்ற உடம்பு சம்பந்தப்பட்ட காரணங்களே அதிகம். கால்வாசிக்கும் மேற்பட்டோருக்குக் காரணமே தெரியவில்லை. சந்தோஷத்திலும் வரும். மனசில் பட்ட அதிர்ச்சியால் நோய் கண்ட 485 பேரைப் பார்த்ததில் 20 பேருக்கு அது நல்ல சேதியால் வந்தது என்று 2016-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கல்யாணம், பிறந்தநாள் என்று.

மாமா இருந்தபோது சொன்ன ஒன்று அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் ஞாபகம் வந்தது. சாம்பியன் ரீஃப் பத்தாயிரம் அடிக்கும் கீழே போன சுரங்கம். அந்த ஆழத்தில் பாறைமேல் இருக்கும் பாரத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லவே முடியாது என்பார். தங்கம் எடுக்க எடுக்கப் பொந்து பெரிதாகும், மிச்சப் பாறை அத்தனை சுமையையும் தாங்கும், ஒருநாள் வெடிக்கும். ராக் பர்ஸ்ட் என்பார்கள். கீழே வெடித்தால் மேலே வீடு ஆடும். பாறையின் மேல் இருப்பதற்கும் ஸ்ட்ரெஸ் என்றுதான் பெயர், அத்தையின் நெஞ்சில் ஏறியதற்கும் அதே பெயர். ஆனால் வெடித்த பாறை திரும்ப ஒட்டாது. அத்தையின் இதயம் தேறிவிடும் என்றார் டாக்டர், சில வாரங்களில் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும் என்று.

அந்தச் சில வாரங்களைத் தாண்ட வேண்டும், அங்கேதான் ஆபத்து. நுரையீரலில் நீர் கோக்கலாம், ரத்த அழுத்தம் சரியலாம், அசையாத நுனியில் ரத்தம் கட்டி அது மூளைக்குப் போகலாம். ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோகிறவர்கள் நூற்றுக்கு நான்கு பேர் என்றது அந்த 2015 கட்டுரை. "மனக்கஷ்டம்தானே, தானா சரியாயிடும்" என்று யாரும் வீட்டில் முடிவு கட்ட வேண்டாம் என்று உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். வந்திருப்பது மாரடைப்பா டகோட்சுபோவா என்று வீட்டில் கண்டுபிடிக்கவே முடியாது. ஆஞ்சியோகிராம், எக்கோ எல்லாம் பார்த்துத்தான் டாக்டர்களே சொல்கிறார்கள். சாவு வீடோ கல்யாண வீடோ, நெஞ்சு இறுகி வியர்த்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். இ.சி.ஜி. எடுக்காமல் வாயு என்று யார் சொன்னாலும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

அத்தை ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தார். மாத்திரை இருந்தது. "அழாதே, மறுபடி வந்துடும்" என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். சிலருக்குத் திரும்ப வருவது உண்டுதான். ஆனால் அழுகையை அடக்கச் சொல்லி எந்த டாக்டரும் சொல்லவில்லை. நான் கேட்டபோது, "அழட்டும், பக்கத்துல உட்காருங்க" என்றார் அந்த இளம் டாக்டர்.

இரண்டு மாதம் கழித்து மறு எக்கோவுக்குப் போனோம். நுனி அசைந்தது. திரையில் காட்டினார்கள். அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

திரும்பும்போது ரயிலில் வந்தோம். பங்காரப்பேட்டை தாண்டி வண்டி நம் ஊர்ப் பாதையில் திரும்பியதும் அத்தை பேச ஆரம்பித்தார். கல்யாணமாகி மூன்றாம் வருஷம், ஒரு ராத்திரி தரை ஆடி, அலமாரியிலிருந்து பாத்திரமெல்லாம் உருண்டது. மாமா நைட் ஷிப்டில் கீழே. கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஷாஃப்ட் வாசலுக்கு ஓடி, மற்றப் பெண்களோடு விடியும்வரை நின்றாராம். ஆட்களை ஏற்றிவரும் கூண்டான கேஜ் ஒவ்வொன்றும் மேலே வரும்போது முகம் முகமாகத் தேடினாராம். நாலாவது கேஜில் மாமா வந்தார். மாமாவிடம்கூடச் சொன்னதில்லையாம், அன்றைக்கு நெஞ்சு எப்படி வலித்தது என்று.

கோரமண்டல் ஸ்டேஷன் வந்தது. பேச்சு முடியவில்லை. நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து மிச்சத்தையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார்.

அன்புடன்,
ஆசிரியர்