தன்மொழி காத்தோர் பிறமொழி மறுப்பதோ?

படையால் வீழ்ந்த ஓரினம் மொழியால் எழுதல் கூடும் என்பதை உலகிற்குக் காட்டியவர் பாரசீகர். ஏழாம் நூற்றாண்டில் அரபுப் படையெடுப்பால் அவர்தம் அரசு வீழ்ந்தது, மதம் மாறிற்று, எழுத்தும் மாறிற்று. எகிப்தும் சிரியாவும் காலப்போக்கில் அரபு பேசும் நாடுகளாயின. பாரசீகமோ மாளவில்லை. 1010-இல் பிர்தவுசி தம் 'சாநாமா'வை முடித்து, அம்மொழிக்கு அழியா அரண் கட்டினார். அயற்சொற்களைக் களைந்து தம்மொழிச் சொற்களை ஆக்குதற்கென 1935-இல் ஈரானில் மொழிக்கழகமும் நிறுவப்பெற்றது. இவை போற்றத்தக்கன.

ஆயின், தம் வீட்டு விளக்கைக் காத்தவர் அடுத்த வீட்டு விளக்கை ஊதியணைத்த கொடுமையை என்னென்பது! அக்கழகம் கண்ட இரேசா சாவின் ஆட்சியிலேயே பாரசீகம் ஒன்றே பள்ளிமொழியாக்கப்பட்டது. அசர்பைசானியமும் குர்தும் பலூச்சியும் அரபும் அடுக்களை மொழிகளாய் ஒடுங்கின. 1945-இன் இறுதியில் தபிரீசிலும், 1946-இன் தொடக்கத்தில் மகாபாதிலும் தன்னாட்சி அரசுகள் எழுந்து, தத்தம் மக்கள்மொழியை ஆட்சிமொழியாக்கின. உருசியப் படையின் நிழலில் எழுந்த அவை, அப்படை அகன்றபின் 1946-இன் இறுதியில் வீழ்த்தப்பட்டன. மகாபாதின் தலைவர் காசி முகம்மது 1947 மார்ச்சில் தூக்கிலிடப்பட்டார்.

மன்னராட்சி 1979-இல் ஒழிந்தது. புதிய அடிப்படைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, பிறமொழிகளைத் தாளிகைகளில் வழங்கவும், அவற்றின் இலக்கியத்தைப் பள்ளிகளில் கற்பிக்கவும் இசைந்தது. ஏட்டிலேறிய அவ்விசைவு பள்ளிக்கூட வாயிலை முறையாக எட்டவில்லை.

"மொழியுரிமை தந்தால் நாடு பிளவுறும்" என்பதே ஆள்வோர் எங்கும் கூறும் சாக்கு. வரலாறு இதற்கு விடை தந்துள்ளது. 1980-இல் ஈரான்மேல் படையெடுத்த சதாம் உசேன், குசித்தான் பகுதி அரபு மக்கள் தம்பக்கம் திரள்வர் என நம்பினார். அவர்கள் அவ்வாறு திரளவில்லை. தம் மொழிக்குப் பள்ளியில் இடந்தராத நாட்டிற்கும் அவர்கள் இரண்டகம் செய்யவில்லை! துருக்கியோ 1983-இல் குர்துமொழி வெளியீடுகளைச் சட்டத்தால் தடுத்தது. விளைந்தது ஒற்றுமையா? அடுத்த ஆண்டே படைக்கலப் போர் மூண்டது. 1991-இல் அச்சட்டம் நீக்கப்பட்ட பின்னும் போர் ஓயவில்லை.

குர்து மக்களை அண்டை அரசுகள் சூதாட்டக் காய்களாகவே உருட்டின. ஈராக்கிய குர்துகளுக்குத் துணைநின்ற ஈரானிய மன்னர், 1975-இல் சதாமுடன் எல்லை உடன்பாடு கண்டவுடன் அவர்களை நட்டாற்றில் விட்டார். 1988 மார்ச்சில் அலப்சாவில் சதாமின் நச்சுவளிக்கு ஏறத்தாழ 5,000 பேர் இரையாயினர். இத்தனை குருதிக்குப் பின்னரே, 2005-ஆம் ஆண்டின் ஈராக்கிய அடிப்படைச் சட்டம் அரபுடன் குர்தையும் ஆட்சிமொழியாக ஏற்றது. அவ்வேற்பால் ஈராக்கு உடைந்துவிடவில்லை.

2022-இல் காவலில் இருந்தபோது உயிர்நீத்த குர்து இளம்பெண்ணை அரசேடு மாசா அமினி என்றது. வீட்டார் அழைத்த பெயரோ சீனா. அவர் பொருட்டு எழுந்த 'பெண், வாழ்வு, விடுதலை' என்னும் முழக்கம் குர்துமொழியில் பிறந்தது. அதனையே பாரசீகரும் தம்மொழியில் பெயர்த்து முழங்கினர். ஒடுக்கப்பட்ட மொழியே ஒடுக்கிய இனத்திற்கும் விடுதலைச் சொல்லை ஈந்தது!

குடியாட்சி என்பது வாக்குச்சீட்டை எண்ணுவது மட்டுமன்று; சிறுபான்மையோர் தம் தாய்மொழியில் அஞ்சாது பேசவும் கற்கவும் இடந்தருவதுமாகும். தன்மொழியைக் காக்கும் உரிமை தனக்கு உண்டென்பவன், அவ்வுரிமை பிறனுக்கும் உண்டென ஏற்றல் வேண்டும். ஏலாதவன் காப்பது மொழியை அன்று, தன் மேலாளுமையையே!