‘சுகரா இருக்கும்’ என்று விட்டுவிட்ட அரிப்பு... லைக்கன் ஸ்கிளிரோசஸ் பற்றித் தெரிந்துகொள்வோம்!

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிக்காரர்களுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொள்வோம். பேரருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். “வாங்க அத்தை” என்று மருமகள் கையைப் பிடித்து இழுக்கிறாள். 58 வயது மாமியார் துணிப்பையோடு படியில் உட்கார்ந்துவிடுகிறார்.

“நீ பிள்ளைகளக் கூட்டிட்டுப் போ தாயி. எனக்குச் சளி பிடிச்சிருக்கு.”

சளியெல்லாம் இல்லை. நான்கு வருடங்களாக அவருக்கு அந்தரங்க இடத்தில் அரிப்பு. இரவில் தூங்கவிடாத அரிப்பு. சொறிந்து வெடித்த இடத்தில் ஈரத்துணி உரசினால் எரிச்சல் தாங்காது. முதலில் ‘சுகரா இருக்கும்’ என்றார்கள். பரிசோதித்தால் சுகர் இல்லை. பிறகு ‘வெள்ளைப்படுதல்’ என்று மாத்திரை. அப்புறம் மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய ட்யூப். போட்டால் இரண்டு நாள் அடங்கும். விட்டால் மறுபடி வரும். மகனிடம் சொல்ல முடியாது. மருமகளிடம் சொல்லக் கூச்சம்.

இப்படி வருடக்கணக்கில் மறைத்துவைக்கப்படும் அரிப்புக்குப் பின்னால் இருக்கக்கூடிய ஒரு நோய்தான் லைக்கன் ஸ்கிளிரோசஸ். இதை அடியோடு ஒழிக்க மருந்து இல்லை. ஆனால், நன்றாகக் கட்டுப்படுத்த முடியும். கட்டுப்படுத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் ஆராய்ச்சிகள் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன.

பெயருக்குள் ஒரு பாசி

குற்றாலத்தில் பாறையிலும் மரப்பட்டையிலும் சாம்பல் வெள்ளையாகத் திட்டுத்திட்டாகப் படர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர்தான் லைக்கன். பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் அந்த வகைதான். அதைப்போலத் தோலில் படர்ந்து தெரியும் சில நோய்களுக்கும் மருத்துவர்கள் அந்தப் பெயரையே வைத்தார்கள். ‘ஸ்கிளிரோசஸ்’ என்றால் இறுகிப்போவது. பிரான்ஸைச் சேர்ந்த தோல் மருத்துவர் ஆலோப்போ 1887-லேயே இந்த நோயைப் பற்றி எழுதிவிட்டார்.

பெயரில்தான் பாசி. மற்றபடி அதற்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இல்லை. அருவியில் குளித்தால் வராது. துண்டு மாற்றினால் ஒட்டாது. தாம்பத்திய உறவால் பரவாது. இது பால்வினை நோய் அல்ல.

யாருக்கு வரும்... எப்படித் தெரியும்?

மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. அடுத்து, பூப்பெய்தாத சிறுமிகளிடம். இடைப்பட்ட வயதுப் பெண்களுக்கும் ஆண்களுக்கும்கூட வரலாம்.

பிறப்புறுப்பைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் தோல் வெளுத்து, கசக்கிய மெல்லிய காகிதம்போல் சுருங்கும். அரிப்பு இருக்கும். தோல் எளிதில் கீறி ரத்தம் கசியும். சிறுநீர் படும்போது எரியும். உறவின்போது வலிக்கும். கவனிக்காமல் விட்டால் தழும்பு விழுந்து, உள் உதடுகள் ஒட்டி மறைந்து, வாயில் பகுதி குறுகிவிடும். வெண்புள்ளியிலும் தோல் வெளுக்கும் என்றாலும், அதில் பொதுவாக இப்படிச் சுருக்கமோ வெடிப்போ வராது.

சிறுமிகளுக்கு வலி பயத்தால் மலச்சிக்கல் வரும். தோலுக்கு அடியில் ரத்தம் கட்டியதுபோலத் தெரிவதைப் பார்த்து, யாரோ குழந்தையிடம் தவறாக நடந்துகொண்டார்கள் என்று குடும்பமே பதறுவதும் உண்டு. குழந்தையைத் துருவித் துருவிக் கேட்காமல், உடனே மருத்துவரிடம் காட்டுவதே சரி. இரண்டில் எது என்று அவர் பார்த்துச் சொல்வார்.

ஏன் வருகிறது?

நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே நம் தோலைத் தாக்குவதுதான் காரணம் என்ற கருத்து வலுவாக இருக்கிறது. தோலில் உள்ள ‘இசிஎம்1’ என்ற புரதத்தை எதிர்க்கும் அணுக்கூறுகள் இந்த நோயாளிகள் பெரும்பாலானோரின் ரத்தத்தில் இருப்பதாக 2003-ல் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. இந்த நோய் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குத் தைராய்டு பிரச்னையும் சேர்ந்தே இருக்கும்.

மருந்து பழசு... போடும் முறைதான் முக்கியம்

உலகம் முழுவதும் முதல் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படுவது க்ளோபெட்டசால் 0.05 சதவிகித ஆயின்மென்ட். இது வீரியம் மிகுந்த ஸ்டீராய்டு பூச்சு. பிரிட்டிஷ் தோல் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலில் உள்ள முறை இது: முதல் மாதம் தினமும் இரவில் ஒரு முறை. இரண்டாம் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்றாம் மாதம் வாரத்துக்கு இரண்டு முறை. ஒரு தடவைக்கு ஆள்காட்டி விரல் நுனி அளவு, அதாவது சுமார் அரை கிராம். இந்தக் கணக்கில் 30 கிராம் ட்யூப் மூன்று மாதங்களுக்கு வரும்.

மூன்று மாதத்தில் அரிப்பு போய்விடும். ‘சரியாயிடுச்சு’ என்று பலர் நிறுத்திவிடுவது அங்கேதான். ஆனால், நோய் போயிருக்காது.

507 பெண்கள் சொன்ன பாடம்

ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 507 பெண்களைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்து, ஆய்வாளர்கள் 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். 357 பேர் சொன்னபடி விடாமல் மருந்து போட்டவர்கள். 150 பேர் விட்டுவிட்டுப் போட்டவர்கள்.

விட்டுவிட்டுப் போட்டவர்களில் 7 பேருக்குப் புற்றுநோயோ, அதற்கு முந்தைய நிலையோ வந்தது. விடாமல் போட்டவர்களில் ஒருவருக்குக்கூட வரவில்லை. தழும்பும் ஒட்டுதலும் கூடியது முதல் பிரிவில் 40 சதவிகிதம் பேருக்கு, இரண்டாம் பிரிவில் 3.4 சதவிகிதம் பேருக்கு மட்டுமே.

அவரவர் நடந்துகொண்ட விதத்தை வைத்துப் பிரித்த ஆய்வு இது, குலுக்கல் முறையில் பிரித்தது அல்ல. ஆனாலும், இவ்வளவு பெரிய வித்தியாசத்தை ஒதுக்கிவிட முடியாது. அரிப்பு நின்ற பிறகும், மருத்துவர் சொல்லும் குறைந்த அளவில் பூச்சைத் தொடர வேண்டும் என்பதே இதன் பாடம்.

‘ஸ்டீராய்டா? ஐயோ!’

இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. முகம் வெளுக்க, படர்தாமரை போக என்று ஸ்டீராய்டு கலந்த க்ரீம்களைத் தாங்களாகவே வாங்கிப் பூசி, தோலைக் கெடுத்துக்கொண்டவர்கள் நம் நாட்டில் ஏராளம். அதனால்தான் 2018-ல் இத்தகைய ஸ்டீராய்டு பூச்சுகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு கொண்டுவந்தது.

கடையில் கேட்டு வாங்கும் கலவை க்ரீம்கள் பலவற்றில் இருப்பதும் இதே க்ளோபெட்டசால்தான். அதனால்தான் அந்த அம்மாவுக்கு இரண்டு நாள் அரிப்பு அடங்கியிருக்கலாம். ஆனால், நோய் என்னவென்று தெரியாமல், அளவு தெரியாமல், நினைத்தபோது பூசுவது வேறு. நோயை உறுதிசெய்து, அளந்து, மருத்துவர் கண்காணிப்பில் பூசுவது வேறு. பல ட்யூப்களோடு வரும் தாளில் ‘பிறப்புறுப்பில் போடக் கூடாது’ என்று இருக்கும். அதைப் படித்து நிறுத்திவிடாமல், மருத்துவரிடம் கேட்டுத் தெளிவுபெறுங்கள்.

லேசர் சிகிச்சை விளம்பரங்களைப் பார்த்து அவசரப்படவும் வேண்டாம். நிஜ லேசரையும் போலி லேசரையும் ஒப்பிட்டு அமெரிக்காவில் நடந்து, 2021-ல் வெளியான ஆய்வில், இந்த நோய்க்குப் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

ஆண்களுக்கும் உண்டு

ஆண்களுக்கு முன்தோல் வெளுத்து, இறுகி, பின்னால் தள்ள முடியாமல் போகும். முன்தோலோடு நின்றால் பூச்சு அல்லது முன்தோல் நீக்கும் சிகிச்சை பலன் தரும். சிறுநீர்க் குழாய் வரை பரவினால், சிறுநீர் நூல்போல வரும். இந்த நிலைக்கான அறுவை சிகிச்சையில் புனேயைச் சேர்ந்த மருத்துவர் சஞ்சய் குல்கர்னியின் பங்கு பெரியது. இத்தாலி மருத்துவர்களோடு சேர்ந்து 215 ஆண்களின் சிகிச்சை அனுபவத்தை அவர் 2009-ல் வெளியிட்டார். பிறப்புறுப்புத் தோலை எடுத்துக் குழாயைச் சீரமைத்தால் அந்தத் தோலிலும் நோய் வரலாம். அதனால், கன்னத்தின் உட்புறச் சவ்வை எடுத்து வைத்துச் சீரமைக்கிறார்கள். புகையிலை, பான் மசாலா போட்டு வாயைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு இந்த வழியும் கடினமாகிவிடுகிறது.

எங்கே போவது... என்ன சொல்வது?

தென்காசி அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மகளிர் பிரிவில் முதலில் காட்டலாம். தேவைப்பட்டால் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகலாம். போர்டில் ‘பால்வினை நோய்’ என்றும் சேர்ந்து எழுதியிருந்தால் தயங்க வேண்டாம். எல்லாத் தோல் நோய்க்கும் அதுதான் இடம்.

‘அரிக்குது’ என்று மட்டும் சொன்னால் மாத்திரையோடு அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. “தோல் வெளுத்திருக்கு, வெடிக்குது. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க டாக்டர்” என்று கேளுங்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்றும் கேட்கலாம். அனுபவம் உள்ளவர்கள் பெரும்பாலும் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். சந்தேகம் இருந்தால், சிறு துளி சதை எடுத்து பயாப்ஸி செய்வார்கள்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை:

• அந்த இடத்தில் சோப்பு, வாசனை வாஷ், டெட்டால் எதுவும் வேண்டாம். வெறும் தண்ணீர் போதும்.

• சிறுநீர் கழித்ததும் தண்ணீரால் கழுவி, ஒற்றித் துடையுங்கள். வாசனை இல்லாத வாசலின் பூசினால் எரிச்சல் குறையும்.

• அருவியில் குளித்தால் உடனே உலர்ந்த பருத்தி ஆடைக்கு மாறுங்கள்.

• மாதம் ஒருமுறை கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஆறாத புண், கட்டி, தடிப்பு இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

• நலமாக இருந்தாலும் வருடம் ஒருமுறை காட்டுங்கள்.

வீட்டில் அம்மாவோ அத்தையோ காரணமில்லாமல் அருவிக்கு வர மறுத்தால், ராத்திரி தூக்கம் வராமல் எழுந்து எழுந்து நடந்தால், தனியாக இருக்கும்போது கேளுங்கள்: “அத்தை, எங்கயாச்சும் அரிப்பு, எரிச்சல்னு கஷ்டப்படுறீங்களா? வாங்க, நானும் கூட வாரேன்.”

அடுத்த சாரலுக்குள் அவர் அருவியில் நிற்கலாம்!